மருந்து ஆய்வு முடிவைப் படிப்பது எப்படி? இதய நோய், நுரையீரல் புற்றுநோய் ஆய்வுகளை முன்வைத்து

"புதிய மருந்தால் மரணம் 30 சதவீதம் குறைந்தது" என்று ஒரு செய்தி வருகிறது. நூறு பேரில் முப்பது பேர் கூடுதலாகப் பிழைத்தார்கள் என்றுதான் மனசு கணக்குப் போடும். ஆய்வுக் கட்டுரையைத் திறந்து அட்டவணையைப் பார்த்தால் அது நூறு பேரில் மூன்று பேராக இருக்கும். மூன்று பேர் அற்பமில்லை. ஐந்து வருடம் மாத்திரை சாப்பிட்டதால் நூறில் மூவர் கூடுதலாக உயிரோடிருப்பது இதய மருத்துவத்தில் பெரிய வெற்றி. ஆனாலும் முப்பது வேறு, மூன்று வேறு.

அந்த மூன்றை நீங்களே கண்டுபிடிக்கும் வழி இது. மருத்துவம் படித்திருக்க வேண்டியதில்லை. கட்டுரையின் முழு வடிவம் வேண்டும், சுருக்கம் மட்டும் போதாது. கூடவே ஒரு கால்குலேட்டர், ஒரு தாள், ஒரு மணி நேரம்.

தொடங்கும் முன் ஒன்று. இதய ஆய்வையும் நுரையீரல் புற்று ஆய்வையும் ஒரே கண்ணால் படிக்கக் கூடாது. இதய ஆய்வில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோருக்கு ஆய்வு முடியும்வரை எதுவும் ஆவதில்லை. அதனால் ஆயிரக்கணக்கானோரைச் சேர்த்து, எத்தனை பேருக்கு மாரடைப்பு வந்தது, எத்தனை பேர் இறந்தார்கள் என்று எண்ணுகிறார்கள். முற்றிய நுரையீரல் புற்றில் பெரும்பாலோருக்கு நோய் என்றோ ஒருநாள் மறுபடி வளர்கிறது. அங்கே சில நூறு பேர் போதும். எவ்வளவு நாள் தாங்கியது என்பதுதான் கேள்வி. முன்னது தலைக்கணக்கு, பின்னது நாள்கணக்கு. ஒன்றின் அளவுகோலை எடுத்துக்கொண்டு மற்றதைப் படிக்கப் போனால் குழம்பிவிடும்.

பதிவேட்டிலிருந்து தொடங்குங்கள்

கட்டுரையின் சுருக்கத்திலும் முடிவுரையிலும் இருப்பது எழுதியவர்கள் சொல்ல விரும்பியது. அட்டவணையில் இருப்பது நடந்தது. ஆகவே முடிவுரையைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு, யாரைச் சேர்த்தார்கள், எதோடு ஒப்பிட்டார்கள், எதை எண்ணினார்கள், எண்ணிக்கை என்ன, தீங்கு என்ன என்ற வரிசையில் படியுங்கள்.

அதற்கும் முன்னால் ஐந்து நிமிட வேலை ஒன்று உண்டு. நோயாளிகளைச் சேர்க்கும் முன்பே பொதுப் பதிவேட்டில் பதியாத ஆய்வை வெளியிடுவதில்லை என்று முக்கிய மருத்துவ இதழ்களின் ஆசிரியர்கள் 2005 முதல் நிபந்தனை வைத்திருக்கிறார்கள். சுருக்கத்தின் அடியில் 'என்சிடி' என்று தொடங்கி 8 இலக்கங்களோடு ஓர் எண் இருக்கும். 'கிளினிக்கல் ட்ரயல்ஸ்' பதிவேட்டுத் தளத்தில் அதைப் போட்டுத் தேடினால் ஆய்வின் பக்கம் வரும். அதன் பழைய பதிப்புகளும் அங்கேயே கிடைக்கும். முதல் பதிப்பில் 'முதன்மை இலக்கு' என்று எதைக் குறித்தார்கள், கட்டுரையில் எதைச் சொல்கிறார்கள் என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மாறியிருந்தால் தேதியைப் பாருங்கள். ஆய்வு நடக்கும்போதே, தரவைத் திறக்கும் முன் மாற்றியிருந்தால் நியாயமான காரணம் இருக்கலாம். தரவைப் பார்த்த பிறகு மாற்றியிருந்தால், விடைத்தாளைத் திருத்தி முடித்துவிட்டுக் கேள்வியை மாற்றிய கதைதான்.

சேர்ந்தவர்கள் யார், வாசலில் நின்றவர்கள் யார்

கட்டுரையின் முதல் படம் பெரும்பாலும் ஒரு கட்டப்படம்: மேலே பரிசோதிக்கப்பட்டவர்கள், கீழே இரண்டு பிரிவுகள். பலர் இதைத் தாண்டிப் போய்விடுவார்கள். தாண்டாதீர்கள்.

2016-இல் வெளிவந்த கீநோட்-024 ஆய்வை எடுத்துக்கொள்ளுங்கள். முற்றிய நுரையீரல் புற்றுக்கு, கீமோவுக்குப் பதிலாக முதல் சிகிச்சையாகவே பெம்ப்ரோலிசுமாப் என்ற நோயெதிர்ப்பு மருந்தைக் கொடுத்துப் பார்த்த ஆய்வு. பரிசோதிக்கப்பட்டவர்கள் 1,934 பேர். அவர்களில் 1,653 பேரின் திசுவைச் சோதிக்க முடிந்தது. கட்டி செல்களில் பாதிக்கு மேல் பிடி-எல்1 புரதம் இருந்தவர்கள் 500 பேர். கடைசியில் ஆய்வில் சேர்ந்தவர்கள் 305 பேர். இஜிஎஃப்ஆர், ஆல்க் மரபணு மாற்றம் உள்ளவர்களுக்கு வேறு மருந்து உண்டு என்பதால் அவர்கள் இதில் இல்லை. எனவே "நுரையீரல் புற்றுக்குப் பெம்ப்ரோலிசுமாப் கீமோவை வென்றது" என்று இந்த ஆய்வை வைத்துச் சொல்வது தவறு. வென்றது அந்தப் பாதிக்கு மேல் புரதம் உள்ளவர்களிடம்.

அடுத்து 'ஈகாக்' எண்ணைத் தேடுங்கள். உடல் எந்த அளவு இயங்குகிறது என்பதற்கான அளவுகோல் இது. 0 என்றால் பழையபடி எல்லா வேலையும் செய்பவர். 1 என்றால் கடின வேலை முடியாது, நடமாட்டம் உண்டு. 2 என்றால் தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்வார், வேலைக்குப் போக முடியாது, ஆனாலும் விழித்திருக்கும் நேரத்தில் பாதிக்கு மேல் படுக்கையை விட்டு எழுந்திருப்பார். 3 என்றால் பாதி நேரத்துக்கு மேல் படுக்கை அல்லது நாற்காலி. புற்று மருந்து ஆய்வுகள் பெரும்பாலும் 0, 1 ஆகியோரை மட்டும் சேர்க்கின்றன. உங்கள் வீட்டு நோயாளி 2 அல்லது 3 என்றால், ஆய்வில் வந்த மாதக்கணக்கை அப்படியே அவருக்குப் போட்டுப் பார்க்கக் கூடாது.

இதய ஆய்வுகளில் இன்னொரு வடிகட்டி உண்டு. குலுக்கல் முறையில் பிரிப்பதற்கு முன் எல்லோருக்கும் சில வாரம் மருந்தைக் கொடுத்து, ஒத்துக்கொள்ளாதவர்களை வெளியே அனுப்பிவிடுவார்கள். இதயச் செயலிழப்புக்கான பாரடைம்-எச்எஃப் (2014) ஆய்வில் இந்த முன்கட்டத்துக்குள் நுழைந்தவர்கள் 10,513 பேர். அதைக் கடந்து குலுக்கலுக்கு வந்தவர்கள் 8,442 பேர். ஐந்தில் ஒருவர் வாசலிலேயே நின்றுவிட்டார். அந்த ஆய்வின் புது மருந்தான சாக்குபிட்ரில்-வால்சார்ட்டன் பலன் தருகிறது என்ற முடிவை இது பொய்யாக்காது. ஆனால் அந்த ஆய்வின் பக்கவிளைவு அட்டவணையில் இருப்பது, ஏற்கெனவே தாங்கிக்கொண்டவர்களின் கணக்கு. புதிதாகத் தொடங்குபவருக்குத் தலைசுற்றலும் குறைந்த ரத்த அழுத்தமும் அதைவிடக் கூடுதலாக வரலாம்.

இந்த இரண்டு நோய்களும் ஒன்றாக இருப்பவர்கள் ஒரு முக்கியமான விஷயத்தைக் கவனிக்க வேண்டும். புகை இதயத்தையும் நுரையீரலையும் சேர்த்தே கெடுக்கிறது. ஸ்டென்ட் வைத்த ஒருவருக்கு நுரையீரல் புற்று வருவது அபூர்வமில்லை. ஆனால் புற்று ஆய்வுகளில் அண்மையில் மாரடைப்பு வந்தவர், இதயச் செயலிழப்பு உள்ளவர், ஈசிஜியில் க்யூடி இடைவெளி (ஒவ்வொரு துடிப்புக்கும் இதயம் மின்னூட்டம் பெற்று அடங்க எடுக்கும் நேரம்) நீண்டவர் ஆகியோர் பெரும்பாலும் விலக்குப் பட்டியலில் இருப்பார்கள். இதய ஆய்வுகளில், சிகிச்சை நடக்கும் புற்றுநோய் உள்ளவர் விலக்குப் பட்டியலில் இருப்பார். இரண்டும் உள்ளவர் இரண்டு பக்கமும் இல்லை. விலக்குப் பட்டியலை வரிவரியாகப் படித்து, உங்களுக்குப் பொருந்தும் வரிகளின் கீழ் கோடு போடுங்கள். ஒன்றுக்கு மேல் கோடு விழுந்தால், அந்த ஆய்வு உங்களுக்குத் திசையைக் காட்டும், தூரத்தைச் சொல்லாது.

எதோடு ஒப்பிட்டார்கள்

நெஞ்சுவலிக்கு ஸ்டென்ட் வைத்தால் வலி குறைகிறது என்பது நோயாளிக்கும் மருத்துவருக்கும் அன்றாட அனுபவம். 2017-இல் ஆர்பிட்டா ஆய்வு 200 பேரை எடுத்து, எல்லோருக்கும் முதலில் ஆறு வாரம் நெஞ்சுவலி மருந்துகளை முறையாகச் சரிசெய்து, பிறகு பாதிப் பேருக்கு ஸ்டென்ட் வைத்தது. மீதிப் பேருக்கு மயக்க மருந்து கொடுத்து, குழாயை மட்டும் செலுத்தி, ஸ்டென்ட் வைக்காமல் வெளியே எடுத்தது. யாருக்கு எது என்று நோயாளிக்குத் தெரியாது. ஆறு வாரம் கழித்து டிரெட்மில்லில் நடக்கும் நேரம் ஸ்டென்ட் பிரிவில் சராசரியாக 28.4 வினாடி கூடியிருந்தது, போலிச் சிகிச்சைப் பிரிவில் 11.8 வினாடி. வித்தியாசம் 16.6 வினாடி, தற்செயலாகவும் வரக்கூடிய அளவு.

ஸ்டென்ட் வீண் என்று இதிலிருந்து முடிவுகட்டியவர்கள் அவசரப்பட்டார்கள். அதே குழு 2023-இல் ஆர்பிட்டா-2 நடத்தியது. இம்முறை 301 பேர். நெஞ்சுவலி மருந்துகளை நிறுத்திவிட்டு ஒப்பிட்டார்கள். ஸ்டென்ட் வலியைத் தெளிவாகக் குறைத்தது. இரண்டு முடிவும் சரிதான். மருந்தோடு சேர்த்தா, மருந்துக்குப் பதிலாகவா என்பதுதான் வேறுபாடு. மாரடைப்பு நடந்துகொண்டிருக்கும்போது வைக்கும் ஸ்டென்ட்டுக்கும் இந்த ஆய்வுகளுக்கும் சம்பந்தமே இல்லை. அது உயிர் காக்கும் அவசரச் சிகிச்சை.

எனவே ஒப்பீட்டுப் பிரிவுக்கு என்ன கொடுத்தார்கள் என்பதை மருந்தின் பெயர், அளவு, எத்தனை முறை என்று தாளில் எழுதுங்கள். இன்றைக்கு ஒரு நல்ல மருத்துவர் அதைத்தான் கொடுப்பாரா என்று கேளுங்கள். பழைய மருந்தை, அதுவும் குறைந்த அளவில் கொடுத்து வென்ற ஆய்வுக்கு மதிப்பு குறைவு.

எதை எண்ணினார்கள்

1980-களில் மாரடைப்பிலிருந்து மீண்டவர்களுக்கு இதயத்தில் இடையிடையே தப்புத்துடிப்புகள் இருந்தால் திடீர் மரணம் அதிகம் என்று தெரிந்திருந்தது. அந்தத் துடிப்பை அடக்கும் மருந்துகளும் இருந்தன. அடக்கினால் மரணம் குறையும் என்பது யாருக்கும் சரியென்றே படும். காஸ்ட் ஆய்வு, என்கைனைடு அல்லது ஃப்ளெகைனைடு கொடுத்தால் துடிப்பு நிஜமாகவே அடங்குகிறது என்று காட்டியவர்களை மட்டும் எடுத்து, பாதிப் பேருக்கு அந்த மருந்தும் பாதிப் பேருக்குப் போலி மாத்திரையும் கொடுத்தது. சராசரியாகப் பத்து மாதத்தில் மருந்துப் பிரிவில் 755 பேரில் 63 பேர் இறந்தார்கள், போலிப் பிரிவில் 743 பேரில் 26 பேர். ஈசிஜி அழகாகிவிட்டது, ஆள் போய்விட்டார்.

கொழுப்பு எண், ரத்த அழுத்தம், ஸ்கேனில் கட்டியின் அளவு, ரத்தத்தில் அழற்சிக் குறி என்று எதை எண்ணினாலும் அது பதிலி, உயிருக்குப் பதிலாக நிற்கும் எண். பதிலி மாறினால் உயிரும் மாறும் என்று தனியே நிரூபிக்கப்பட்டிருக்க வேண்டும்.

இதய ஆய்வுகளில் பதிலியைவிட அதிகம் தென்படுவது கூட்டு இலக்கு. "இதய மரணம் அல்லது மாரடைப்பு அல்லது மருத்துவமனைச் சேர்க்கை" என்று பலவற்றை ஒரே மூட்டையாகக் கட்டியிருப்பார்கள். மூட்டையை அவிழ்த்துப் பாருங்கள். இதயச் செயலிழப்புக்கான டாபா-எச்எஃப் (2019) ஆய்வில் கூட்டு இலக்கு, டாபாகிளிஃப்ளோசின் பிரிவில் 16.3 சதவீதம், போலிப் பிரிவில் 21.2 சதவீதம். அவிழ்த்தால், இதயச் செயலிழப்புக்காக மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் 9.7-க்கு 13.4, இதய மரணம் 9.6-க்கு 11.5. இரண்டும் ஒரே பக்கம் சாய்கின்றன, மரணமும் கூடவே குறைகிறது. நல்ல மூட்டை. சில ஆய்வுகளில் குறைந்ததெல்லாம் மருத்துவமனைச் சேர்க்கை மட்டுமாக இருக்கும், மரணம் அசைந்தே இருக்காது. செய்தியில் மூட்டையின் பெயரில் மரணம்தான் முதலில் வரும்.

நுரையீரல் புற்றில் இதற்கு இணையானது 'நோய் வளராமல் இருந்த காலம்'. இதை அளக்க ரெசிஸ்ட் 1.1 என்ற விதி இருக்கிறது. அதிகபட்சம் ஐந்து கட்டிகள், ஓர் உறுப்பில் இரண்டுக்கு மேல் இல்லாமல் தேர்ந்தெடுத்து, அவற்றின் விட்டங்களைக் கூட்டுவார்கள். இதுவரை பதிவான மிகச்சிறிய கூட்டுத்தொகையைவிட 20 சதவீதமும், குறைந்தது 5 மி.மீ.யும் கூடினால் நோய் வளர்ந்துவிட்டது என்று பதிவாகும். புதுக் கட்டி ஒன்று தென்பட்டாலும் அப்படியே. கூட்டுத்தொகை 50 மி.மீ.க்கு இறங்கியவருக்கு 59 வந்தால் நோய் நிலையாக இருக்கிறது, 60 வந்தால் வளர்ந்துவிட்டது. நோயாளிக்கு அந்த ஒரு மி.மீ.யில் எந்த வித்தியாசமும் தெரியாது.

ஸ்கேன் எடுக்கும் இடைவெளியையும் பாருங்கள். கட்டி எந்த நாளில் வளர்ந்ததோ தெரியாது. ஸ்கேனில் தெரிந்த நாள்தான் பதிவாகும். அதனால்தான் இந்த வரைபடங்கள் ஆறு வாரத்துக்கொரு முறை, எட்டு வாரத்துக்கொரு முறை படிக்கட்டுபோல் திடீரென இறங்கும். பன்னிரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுத்த ஆய்வில் இரண்டு மாத வித்தியாசம் என்றால் கொஞ்சம் யோசித்தே நம்புங்கள்.

தலைக்கணக்கு

இப்போது கால்குலேட்டர். 1994-இல் வந்த 4எஸ் ஆய்வு, ஏற்கெனவே இதய நோய் உள்ள 4,444 பேருக்கு சிம்வாஸ்டாட்டின் என்ற கொழுப்பு குறைக்கும் மருந்து அல்லது போலி மாத்திரை கொடுத்து நடுவாக 5.4 ஆண்டுகள் கவனித்தது. செய்தியில் வந்தது 30 சதவீதக் குறைவு. தாளில் போடுவோம்.

போலிப் பிரிவு: 2,223 பேரில் 256 மரணம். 256 ÷ 2,223 = 11.5 சதவீதம்.
மருந்துப் பிரிவு: 2,221 பேரில் 182 மரணம். 182 ÷ 2,221 = 8.2 சதவீதம்.
கழித்தால் 3.3. நூறு பேர் மருந்து சாப்பிட்டால் மூவர் கூடுதலாக உயிரோடிருப்பார்கள்.
100 ÷ 3.3 = 30. முப்பது பேர் ஐந்தரை ஆண்டு சாப்பிட்டால் ஒரு மரணம் தவிர்க்கப்படும்.

8.2-ஐ 11.5-ஆல் வகுத்தால் 0.71 வரும், கட்டுரையில் 0.70 இருக்கும். பயப்பட வேண்டாம், அவர்கள் ஒவ்வொருவரும் எத்தனை நாள் ஆய்வில் இருந்தார் என்பதையும் சேர்த்துக் கணக்கிடுகிறார்கள். உங்கள் எண் கொஞ்சம் தள்ளி வந்தால் சரி. வெகுதூரம் போனால் தவறான வரியை எடுத்திருக்கிறீர்கள்.

காலத்தை எழுதாமல் இந்த எண்ணை யாரிடமும் சொல்லாதீர்கள். ஐசிஸ்-2 (1988) ஆய்வில், மாரடைப்பு வந்த உடனே ஒரு மாதம் தினம் 160 மி.கி. ஆஸ்பிரின் கொடுத்தார்கள். ஐந்து வாரத்தில் ரத்தக்குழாய் சார்ந்த மரணம் 8,587 பேரில் 804. ஆஸ்பிரின் இல்லாதவர்கள் 8,600 பேரில் 1,016. கணக்குப் போட்டால் ஏறத்தாழ 41 பேருக்கு ஒருவர். 4எஸ்ஸின் 30-ஐவிட 41 மோசமாகத் தெரியும். ஆனால் ஒன்று ஐந்தரை வருடம், மற்றது ஐந்து வாரம்.

காஸ்ட் ஆய்வுக்கும் இதே கணக்கைப் போடுங்கள். 8.3 கழித்தல் 3.5 என்றால் 4.8. அந்த மருந்தைச் சாப்பிட்ட ஒவ்வொரு 21 பேருக்கும் ஒருவர் பத்து மாதத்தில் கூடுதலாக இறந்தார்.

சில கட்டுரைகளில் சதவீதமே இருக்காது, "100 ஆள்-ஆண்டுக்கு இத்தனை" என்று இருக்கும். நூறு பேரை ஒரு வருடம், அல்லது ஐம்பது பேரை இரண்டு வருடம் கவனித்தால் அது நூறு ஆள்-ஆண்டு. இந்த எண்ணைச் சதவீதம் என்று நினைத்து வேறோர் ஆய்வின் ஐந்து வருடச் சதவீதத்தோடு ஒப்பிடுவதுதான் தொடக்கத்தில் எல்லோரும் செய்யும் தப்பு.

நாள்கணக்கு

புற்று ஆய்வின் உயிர் இருப்பது கப்ளான்-மையர் வரைபடத்தில். இடப்பக்கம் 100 சதவீதத்தில் தொடங்கி வலப்பக்கம் இறங்கும் இரண்டு கோடுகள். வரைபடத்தின் அடியில் சிறிய எழுத்தில் ஓர் எண் வரிசை இருக்கும்: அந்தந்த மாதத்தில் இன்னும் கணக்கில் மிஞ்சியவர்கள். முதலில் அதைப் பாருங்கள். 150 பேரில் தொடங்கி வலக்கோடியில் 6 பேர் மிஞ்சியிருந்தால், அந்தக் கோடியில் கோடு எவ்வளவு உயரத்தில் நின்றாலும் அதற்கு அர்த்தம் கிடையாது. பத்து, இருபது பேருக்குக் கீழே போகும் இடத்தில் ஒரு செங்குத்துக் கோடு போட்டு, அதற்கு வலப்பக்கம் இருப்பதை மறந்துவிடுங்கள்.

இடைநிலைக் காலம் என்பது கோடு 50 சதவீதத்தைத் தொடும் மாதம். மரபணு இலக்கு மருந்துகளுக்கு இது ஓரளவு நல்ல சுருக்கம். ஃப்ளோரா ஆய்வில் (556 பேர், இஜிஎஃப்ஆர் மாற்றம் உள்ளவர்கள்) ஓசிமெர்டினிப் நோயை 18.9 மாதம் கட்டுப்படுத்தியது, பழைய மருந்துகள் 10.2 மாதம். ஆயுளின் இடைநிலை 38.6-க்கு 31.8 மாதம். இரண்டு ஜோடி எண்களும் வேண்டும். நோய் வளராத காலம் கூடியும் ஆயுள் கூடாத மருந்துகள் நிறைய உண்டு.

நோயெதிர்ப்பு மருந்துகளுக்கு இடைநிலை மட்டும் பார்த்தால் ஏமாறுவீர்கள். அங்கே பலருக்கு மருந்து வேலையே செய்யாது, சிலருக்கு ஆண்டுக்கணக்கில் செய்யும். கோடு முதலில் சரிந்து பிறகு மேடைபோல் நீளும். ஐந்தாம் ஆண்டில் எத்தனை சதவீதம் என்று கேளுங்கள். கீநோட்-024-இல் அது 31.9-க்கு 16.3. அதிலும் ஒரு நுணுக்கம்: கீமோவில் தொடங்கியவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் பிறகு நோயெதிர்ப்பு மருந்துக்கு மாறினார்கள். அப்படி மாறியும் இவ்வளவு வித்தியாசம். மாறிய சதவீதத்தைத் தேடாமல் ஆயுள் கணக்கைப் படிப்பதில் பயனில்லை.

கடிகாரம் எப்போது ஓடத் தொடங்கியது என்றும் பாருங்கள். மூன்றாம் நிலை நுரையீரல் புற்றுக்கான பசிபிக் ஆய்வில் துர்வாலுமாப் என்ற நோயெதிர்ப்பு மருந்து எடுத்தவர்களில் 42.9 சதவீதம் ஐந்தாண்டு இருந்தார்கள், எடுக்காதவர்களில் 33.4. மூன்றாம் நிலை நோய் என்று இன்று தெரிந்த ஒருவருக்கு இந்த 42.9-ஐச் சொல்லக் கூடாது. அந்த ஆய்வில் சேர்ந்தவர்கள் கீமோவும் கதிர்வீச்சும் முடித்து, அதற்குள் நோய் வளராமல் தப்பியவர்கள். கடிகாரம் அதற்குப் பிறகே ஓடத் தொடங்கியது.

இரண்டு கோடுகளும் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டால், 'ஹசார்ட் விகிதம்' என்ற ஒற்றை எண்ணை நம்பாதீர்கள். புது மருந்துப் பிரிவில் நோய் வளர்வதோ மரணமோ நடக்கும் வேகத்தை ஒப்பீட்டுப் பிரிவின் வேகத்தால் வகுத்த எண் அது. 1-க்குக் கீழே என்றால் புது மருந்துக்குச் சாதகம். 2009-இல் வந்த ஐபாஸ் ஆய்வில் நுரையீரல் புற்று உள்ள 1,217 பேருக்கு, இஜிஎஃப்ஆரைக் குறிவைக்கும் ஜெஃபிட்டினிப் அல்லது கீமோ கொடுத்தார்கள். முதல் ஆறு மாதம் கீமோ கோடு மேலே, பிறகு ஜெஃபிட்டினிப் கோடு மேலே. மொத்த விகிதம் 0.74, ஜெஃபிட்டினிப்புக்குச் சாதகம். ஆனால் மரபணுவைப் பார்த்துப் பிரித்தபோது, இஜிஎஃப்ஆர் மாற்றம் உள்ளவர்களிடம் 0.48, இல்லாதவர்களிடம் 2.85. ஒரே மருந்து ஒரு கூட்டத்துக்கு வரம், இன்னொரு கூட்டத்துக்கு வினை. 0.74 இருவரையும் கலந்த எண். அந்த எண்ணுக்குரிய நோயாளி என்று யாரும் இல்லை.

விகிதத்துக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் இரண்டு எண்கள் இருக்கும், அது நம்பிக்கை இடைவெளி: உண்மையான விகிதம் பெரும்பாலும் இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும். டாபா-எச்எஃப்பில் 0.74, இடைவெளி 0.65 முதல் 0.85. மோசமான முனையான 0.85-ஐ எடுத்துக்கொண்டாலும் இந்த மருந்து வேண்டுமா என்று கேட்டுப் பாருங்கள். இடைவெளிக்குள் 1 விழுந்தால் பலன் நிரூபணமாகவில்லை. பலனே இல்லை என்று அதற்கு அர்த்தமில்லை, குறிப்பாக ஆய்வு சிறிதாக இருந்தால்.

உட்பிரிவு என்னும் வழுக்குநிலம்

"மொத்தத்தில் பலனில்லை, ஆனால் 65 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்குப் பலன் உண்டு" என்ற வாக்கியத்தைப் பார்த்தால் நில்லுங்கள். ஐசிஸ்-2 ஆய்வாளர்கள் இதைக் கேலி செய்யவே, பிறந்த தேதியை வைத்து நோயாளிகளை ராசிவாரியாகப் பிரித்துக் காட்டினார்கள். மிதுனத்துக்கும் துலாத்துக்கும் ஆஸ்பிரின் கொஞ்சம் கெடுதல், மற்ற ராசிகளுக்கு நல்ல பலன்! பன்னிரண்டாகப் பிரித்தால் ஏதாவது ஒன்று ஏறுக்குமாறாக வந்தே தீரும்.

ஐபாஸின் மரபணுப் பிரிவை மட்டும் ஏன் நம்பினார்கள்? முன்கூட்டியே திட்டமிட்டது, மருந்து வேலை செய்யும் விதத்தோடு ஒத்துப்போனது, வித்தியாசம் பிரம்மாண்டமானது, பின்வந்த தனி ஆய்வுகளிலும் அதுவே வந்தது. இந்த நான்கில் கடைசிதான் முக்கியம்.

காண்டோஸ் ஆய்வு இதற்கு நல்ல பாடம், இந்த இரண்டு நோய்களையும் தொடுவதும்கூட. மாரடைப்பு வந்து, ரத்தத்தில் அழற்சி குறையாத 10,061 பேருக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கனாகினுமாப் என்ற அழற்சி தணிக்கும் ஊசி. 2017-இல் முடிவு வந்தது. 150 மி.கி. பிரிவில் மாரடைப்பு, பக்கவாதம், இதய மரணம் சேர்ந்து 100 ஆள்-ஆண்டுக்கு 4.50-லிருந்து 3.86. ஆனால் உயிர்பறிக்கும் தொற்று கூடியது, மொத்த மரணம் குறையவில்லை. கூடவே ஓர் ஆச்சரியம்: 300 மி.கி. பிரிவில் புதிதாக நுரையீரல் புற்று வந்தவர்கள் மூன்றில் ஒரு பங்குதான், விகிதம் 0.33. அழற்சி புற்றை வளர்க்கிறது என்ற கருத்தோடு அது அழகாகப் பொருந்தியது. ஆனால் ஆய்வு முழுவதிலும் நுரையீரல் புற்று 129 பேருக்குத்தான். அதைத் தேடி நடத்திய ஆய்வும் அல்ல. பிறகு புற்றுநோயாளிகளிடமே கேனோபி-1, கேனோபி-2, கேனோபி-ஏ என்று மூன்று ஆய்வுகள் நடந்தன. 1,382 பேர் கொண்ட கேனோபி-ஏ உட்பட மூன்றும் தோற்றன. 0.33 என்ற எண்ணைப் பார்த்த அன்றே மருந்தைத் தொடங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

தீங்கு அட்டவணை

'தரம் 3 அல்லது அதற்கு மேல்' என்ற பத்தியைப் பாருங்கள், மருத்துவமனை தேவைப்படும் அளவுக்குக் கடுமையான விளைவுகள் அங்கே இருக்கும். பிறகு 'பக்கவிளைவால் மருந்தை நிறுத்தியவர்கள்' வரி. இந்த இரண்டும் மொத்த எண்ணிக்கையைவிட உண்மையைச் சொல்லும்.

ஒரு பக்கவிளைவு அட்டவணையிலேயே இல்லை என்றால் அது வராது என்று பொருளில்லை. எளிய விதி ஒன்று: 3-ஐ ஆள் எண்ணிக்கையால் வகுங்கள். 150 பேரில் ஒருவருக்கும் வரவில்லை என்றால், உண்மையில் நூறில் இருவருக்கு வரை வரக்கூடும். நோயெதிர்ப்பு மருந்துகளால் வரும் இதயத்தசை அழற்சி நூறில் ஒருவருக்கோ அதற்கும் குறைவாகவோ வருவது, பெரும்பாலும் முதல் மூன்று மாதத்தில். வந்தால் உயிருக்கே ஆபத்து. சிறு ஆய்வின் அட்டவணையில் அது தென்படாமலே போகலாம்.

இதய நோயும் உள்ளவர் இந்த இடத்தில் நிதானமாகப் படிக்க வேண்டும். சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்தைக் கொடுக்கும்போது சிறுநீரகத்தைக் காக்க நரம்பு வழியாக நிறைய திரவம் ஏற்றுவார்கள். செயலிழந்த இதயம் அதைத் தாங்காது, அதற்குப் பதிலாகக் கார்போபிளாட்டின் பற்றிக் கேட்கலாம். ஓசிமெர்டினிப் க்யூடி இடைவெளியை நீட்டும், இதயத் தாளக் கோளாறுக்குத் தரும் அமியோடரோனும் நீட்டும். கீமோவால் தட்டணுக்கள் குறையும்போது ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் பற்றி இதய மருத்துவரும் புற்று மருத்துவரும் சேர்ந்து முடிவெடுக்க வேண்டும். ஸ்டென்ட் வைத்தவர் இவற்றைத் தாமாக நிறுத்தவே கூடாது.

கதிர்வீச்சில் ஆர்டிஓஜி 0617 ஆய்வைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் நிலை நுரையீரல் புற்றுக்கு 60 கிரேயா 74 கிரேயா (கிரே என்பது கதிர்வீச்சின் அளவு) என்ற கேள்வி. அதிகம் கொடுத்தால் கட்டி அதிகம் சாகும் என்றே எதிர்பார்த்தார்கள். 60 கிரே பெற்றவர்களின் ஆயுள் இடைநிலை 28.7 மாதம், 74 கிரே பெற்றவர்களுக்கு 20.3. இதயத்தின் எவ்வளவு பகுதி கதிர்வீச்சு வாங்கியது என்பதும் ஆயுளோடு தொடர்புடையதாக இருந்தது. சிகிச்சைத் திட்டத்தில் இதயத்துக்குப் போகும் அளவு எவ்வளவு என்று கதிர்வீச்சு மருத்துவரிடம் கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் அல்ல.

மருத்துவரிடம் எடுத்துப்போகும் தாள்

எல்லாவற்றையும் ஒரே வாக்கியமாக எழுதுங்கள். டாபா-எச்எஃப்புக்கு அது இப்படி வரும்: "இதயத்தின் வெளியேற்ற அளவு (ஒவ்வொரு துடிப்பிலும் அது வெளியே தள்ளும் ரத்தத்தின் பங்கு) 40 சதவீதமோ அதற்குக் கீழோ உள்ள 4,744 பேரில், வழக்கமான மருந்துகளோடு டாபாகிளிஃப்ளோசின் சேர்த்தவர்களில் ஏறத்தாழ ஒன்றரை ஆண்டில் நூறில் 16 பேருக்கு நோய் மோசமானது அல்லது இதய மரணம் ஏற்பட்டது, போலி மாத்திரை சேர்த்தவர்களில் நூறில் 21 பேருக்கு." யார், எதோடு, எவ்வளவு காலம், எது, எத்தனை என்று எல்லாம் அதில் இருக்கிறது. ஏதாவது ஒன்றை எழுத முடியவில்லை என்றால் அது கட்டுரையில் எங்கோ ஒளிந்திருக்கிறது, திரும்பிப் போய்த் தேடுங்கள்.

அதன் கீழே, விலக்குப் பட்டியலில் நீங்கள் கோடு போட்ட வரிகள். அதற்கும் கீழே உங்கள் ஈகாக் எண், கடைசி எக்கோவின் வெளியேற்ற அளவு, ஈசிஜியில் க்யூடி, தினம் சாப்பிடும் எல்லா மருந்தும் அளவோடு. நோயெதிர்ப்பு மருந்து தொடங்குவதாக இருந்தால், முதல் ஊசிக்கு முன்பே ஈசிஜியும், இதயத்தசை சேதத்தைக் காட்டும் ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனையும் எடுத்து வைத்துவிட்டார்களா என்று கேளுங்கள். மூன்றாவது வாரத்தில் மூச்சு வாங்கினால், ஒப்பிட்டுப் பார்க்க அந்தப் பழைய எண் வேண்டும்.